தம்ளரில் தெளிந்த தண்ணீரும் பாக்கியம் அக்காவின் காலும்

ஐயா, கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றவரே, உங்களைத்தான் சொல்கிறேன். போன ஆடி மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு தம்ளர் தண்ணீரைத் தெளிய வைத்துவிட்டு, நூறு பேர் புத்தியைக் கலக்கிவிட்டுப் போனவர் நீங்கள்தான். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் கேஸ் போடுவீர்கள், கோர்ட்டுக்கு அலைய எனக்கு நேரமில்லை. ஆனால் இதைப் படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

சத்து மாத்திரை விற்பது என்பது, திடமாக நடமாடுகிறவரிடம் போய் "உங்க உடம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டிருக்கு" என்று சொல்லி, அவர் அடிக்க வராமல் இருந்தால் டப்பாவை நீட்டுகிற தொழில். பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிய சகோதர சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமியார் கடிப்பார் என்பதெல்லாம் உங்களுக்கும் அத்துப்படிதானே.

இதற்கு முன்னால் நான் பழைய புடவைக்குப் பிளாஸ்டிக் குடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றியுள்ள ஊருக்கெல்லாம் என் குரல் தெரியும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, மிச்சத்தைத் தெருவில் படித்தேன். ஜரிகை கறுத்த பட்டுக்கு எத்தனை குடம், கிழிந்த வேட்டியை மடித்துக் காட்டுகிறவரை எப்படிப் பிரிக்க வைப்பது, எல்லாம் ஏமாந்து ஏமாந்து கற்றது. கோபம் எனக்கு மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். பேரம் பேசும்போது மட்டும் கொஞ்சம் இறங்கி நிற்கும். குடத்தில் சம்பாதித்து ஒரு மொபெட் வாங்கினேன், மொபெட்டில் ஏறியதும் மாத்திரைக்கு மாறினேன். நெல்லிக்காய், மஞ்சள், திராட்சை விதை, கூடவே வைட்டமின் பி, சி, ஈ. டப்பாவின் மேல் 'ஆன்டிஆக்சிடன்ட்' என்று பொன் எழுத்தில் போட்டிருக்கும். நானும் தினம் ஒன்று போடுகிறேன், இன்று காலையிலும் போட்டேன். மாத்திரைமேல் எனக்கு விரோதம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மண்வெட்டி

பயிற்சி வகுப்பில் ஒரு பேச்சை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். காற்றுப் பட்டு இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி, நம் உடம்புக்குள்ளும் ஒரு துரு ஏறிக்கொண்டே இருக்கிறது, அந்தத் துருவைத் தடுப்பது இந்த மாத்திரை, துரு இல்லாவிட்டால் நோய் இல்லை. கேட்க நன்றாக இருக்கும். முதல் பாதி பெரிய பொய்யும் இல்லை.

முதல் நாள் வியாபாரம். வரப்பு வேலை முடித்துக் கால் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அகப்பட்டார். துருப் பேச்சை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். அதன் இலைத் தகட்டில் முகம் பார்க்கலாம், அப்படி மின்னியது. பிறகு சொன்னார்:

"இதுக்கு நான் என்ன மாத்திரையா போடுறேன்? தினம் வேலை குடுக்கிறேன், துரு அண்டல. உள்ள என் மச்சான் படுத்திருக்கான் பாரு, அவனுக்கு ஒரு டப்பா குடுத்துட்டுப் போம்மா."

அடியுரம்

அரை வேலி நிலக்காரர் ஒருவர், கலியமூர்த்தி என்று பெயர். டப்பா வாங்கின பத்தாம் நாள் போய்ப் பார்க்கிறேன், பாதி டப்பா காலி. பதறிப்போய்க் கேட்டால், எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் பொறுமையாக விளக்கினார். முதல் நாள் அடியுரமாகப் பத்து. வாரம் கழித்துக் களை எடுக்கிற சமயம் ஐந்து. இருபதாம் நாள் மேலுரமாக இன்னும் ஐந்து போடுவதாகத் திட்டம். தினம் ஒன்று என்று டப்பாவில் போட்டிருக்கிறதே என்றேன். தினம் ஒரு பிடி உரம் எறிகிறவன் எந்த ஊரில் விவசாயம் பண்ணுகிறான் என்று கேட்டார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு, சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே, அது ஏன்?

எனக்கும் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் பாய்க்கு அங்கிருந்தே போன் போட்டேன். பாய் மருந்துப் படிப்பு படித்து, வளைகுடாவில் பல வருஷம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு வந்தவர். கூட்டிக் குறைத்துப் பேசத் தெரியாத மனுஷர். சில சத்துகளில் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உடம்பே வெளியே தள்ளிவிடும், சிலது தள்ள முடியாமல் உள்ளேயே தங்கித் தொல்லை கொடுக்கும், ஒன்றுக்கு மேல் போடவே கூடாது என்று சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கலியமூர்த்தியும் கேட்டார். முகம் தொங்கிப்போயிற்று.

"அப்ப நான் வச்ச உரமெல்லாம் வடிகால்ல ஓடிப்போச்சா? முன்னாடியே சொல்லியிருந்தா மடையை அடைச்சிருப்பேனே!"

பிஸ்கட் பக்கம்

அந்தப் பாயிடமே என் டப்பாவை விற்பனைக்கு வைக்கச் சொல்லி மூன்று நாள் பேரம் பேசினேன். என்னிடம் மூன்று நாள் தாக்குப் பிடிக்கிறவர்கள் குறைவு. கடைசியில் ஒத்துக்கொண்டார், ஆனால் மருந்து அலமாரியில் இடம் தரவில்லை. முன்னால் சத்து மாவு, குளுக்கோஸ், பிஸ்கட் இருக்கிற தட்டில் வைத்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நெல்லிக்காயும் மஞ்சளும் பிஸ்கட்டுக்குச் சமமா என்று கத்தினேன். வாங்க வந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பாய் குரலை உயர்த்தவே இல்லை. நல்ல சத்துதான், கீரை பழம் எட்டாதவர்களுக்கு உதவும், ஆனால் வியாதி வராமல் தடுக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட யாரும் தயாராக இல்லை என்றார். பீடி பிடிக்கிறவர்கள் இந்த வகையிலேயே ஒரு சத்தை அதிகமாக எடுத்தால் நுரையீரலுக்குக் கெடுதல் கூடும் என்றுகூடக் கண்டிருக்கிறார்களாம். டப்பாவைப் பிஸ்கட் பாக்கெட்டுக்கு நேராக அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"இங்க இருந்தா இதுக்கு மரியாதைம்மா. இன்சுலின் பக்கத்துல வச்சா இதுக்கே கூச்சமா இருக்கும்."

நாள் சொன்ன வாய்

இப்போது பாக்கியம் அக்காவைச் சொல்ல வேண்டும். நடவுக்கு ஆள் கூட்டி வருகிறவர், பதினெட்டுப் பெண்கள் அவர் சொல்லுக்கு வயலில் இறங்குவார்கள். குடம் விற்ற காலத்திலிருந்து பழக்கம். என்னைப் பேரத்தில் தோற்கடித்த ஒரே ஆள். ஒரு நைந்த புடவைக்கு இரண்டு குடமும் ஒரு முறமும் வாங்கிக்கொண்டு, மோர் கொடுத்து அனுப்பினார். அன்றைக்கே அவருக்கு நான் அடிமை.

எங்கள் பக்கம் நிலத்துக்காரர் வீடு தேடி வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, இன்ன நாள் நடவு என்று சொல்லிவிட்டால் அது அக்காவுக்குச் சாசனம். ஒருமுறை ஒருவர் அப்படி நாள் சொல்லிவிட்டு, முதல் நாள் சாயங்காலம் டிராக்டர் டிரைவரை அனுப்பி "நாளைக்கு வேணாமாம்" என்று சொல்லச் செய்தார். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் கொட்டுகிற மழையில் பதினெட்டுப் பேரோடு வரப்பில் போய் நின்றார். நிலத்துக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். டிரைவர் வந்து சொல்லவில்லையா என்று கேட்டவருக்கு அக்கா கொடுத்த பதில் இந்த வட்டாரம் முழுக்கப் பிரசித்தம்:

"நாள் சொன்ன வாய் ஒண்ணு, மாத்துற வாய் ஒண்ணா? சொன்ன வாயே வந்து சொல்லட்டும், நாங்க போறோம்."

தம்ளர்

ஆடி பிறந்ததும் கூட்டம் போட்டீர்கள் ஐயா. ஆள் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. வேன் வைத்து மூன்று நடை ஏற்றி வந்தேன். சர்க்கரைக்கு ஆஸ்பத்திரி மாத்திரை போட்டுக்கொண்டிருந்த பாக்கியம் அக்காவை முன்வரிசையில் நானே உட்கார வைத்தேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

என்ன பேச்சு அது! வஞ்சனை இல்லாமல் சொல்கிறேன், அப்படிப் பேச எனக்கு ஏழு ஜென்மம் வேண்டும். ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் அயோடின் விட்டீர்கள், செம்பழுப்பாயிற்று. இதுதான் நோயாளியின் இரத்தம் என்றீர்கள். ஒரு மாத்திரையைப் பிரித்துத் தூளைக் கொட்டிக் கலக்கினீர்கள். கண் முன்னாலேயே தண்ணீர் தெளிந்தது. மண்டபமே மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள்: "இன்னையிலேருந்து இதைப் போடுங்கம்மா. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாத்தையும் தூக்கி ஆத்துல போட்டுருங்க." கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் பாக்கியம் அக்கா தட்டவில்லை, கும்பிட்டார். ஆற்றில் புதுத் தண்ணீர் செங்காவியாகச் சுழித்து ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. வேனில் திரும்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நானும் குடத்துல படிகாரம் போட்டு ராவெல்லாம் காத்துக் கெடப்பேன். இந்த மனுஷன் ஒரு நொடியில தெளிய வச்சுட்டாரே தங்கச்சி!"

தாம்பூலப் பை

கூட்டத்துக்குப் பிறகு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள இருந்த ஒரு ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர், தாம்பூலப் பையில் எவர்சில்வர் கிண்ணத்துக்குப் பதிலாக என் டப்பாவைப் போட வேண்டும் என்று கேட்டார். இருநூறு டப்பா. விலை பேசியதில் மனுஷர் ரயிலைப்போல் ஓர் இடத்தில் நின்றால் நகரவே மாட்டேன் என்கிறார். பச்சைக் கொடி வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

கல்யாணத்தன்று டப்பாக்களோடு நானே போனேன். கலச நீர் ஊற்றி முடித்து, ஈரப் புடவையோடு வந்த மணப்பெண், அதாவது அவர் மனைவி, பையைத் திறந்து பார்த்தார். "எமனையே உதைச்ச சாமி சன்னதியில வந்து மாத்திரை குடுக்கிறீங்களே, சாமி என்ன நினைப்பாரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். நான் கையில் இருந்த டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மாப்பிள்ளை மட்டும் மாலையைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னார்:

"சாமி உதைச்சது ஒருத்தனுக்காக. நாம கூப்பிட்டிருக்கிறது இருநூறு பேரை. அவருக்கும் கால் வலிக்காதா?"

பிளாஸ்டிக் கவர்

புரட்டாசியில் சம்பா நடவு மும்முரம். ஒரு வயல் ஓரமாக மொபெட்டில் போனபோது பாக்கியம் அக்காவின் ஆட்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசை நேரைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும், கயிறு கட்டாமலே கயிறு கட்டினது மாதிரி இருக்கும். நின்றேன். அன்றைக்கு அக்கா நடவில் இல்லை. வரப்பில் உட்கார்ந்து நாற்றுமுடி எண்ணி வீசிக்கொண்டிருந்தார். வலது காலில் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவரை மாட்டிக் கணுக்காலில் சணல் கட்டியிருந்தது.

கவரை அவிழ்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றார். நானே அவிழ்த்தேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது. விரலிடுக்கில் புண், நாற்றம். எத்தனை நாளாக என்றேன், கூட்டத்துக்கு அப்புறம் ஒரு மாசத்தில் நத்தை ஓடு கிழித்தது, ஆறவில்லை என்றார். சர்க்கரை மாத்திரை போடுகிறாயா இல்லையா என்று நான் போட்ட சத்தத்தில் நட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். அக்கா சிரித்தார். என் டப்பாவை ஒரு நாள் விடாமல் போட்டிருக்கிறார். அவர் சொல்லி, அவருடைய ஆட்கள் வீடுகளில் சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களும் அப்படியே.

"அவரு ஆத்துல போடச் சொன்னாருல்ல. ஆடிப்பெருக்கு அன்னிக்குக் காதோலை கருகமணியோட மாத்திரைப் பட்டையையும் சேத்து விட்டுட்டேன். படித்துறையில எல்லாருந்தான் விட்டோம்."

எலுமிச்சம்பழம்

நேரே பாய் கடைக்குப் போய்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டு வந்தார். எனக்குக் குடிக்க என்று கை நீட்டினேன், கொடுக்கவில்லை. புண்ணுக்குப் போடுகிற அயோடின் மருந்தை நாலு சொட்டு விட்டார், பழுப்பாயிற்று. வெளியே ஜூஸ் கடையில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொல்லிப் பிழிந்தார். தண்ணீர் தெளிந்தது. நீங்கள் செய்தீர்களே, அதே தெளிவு. பழத்திலும் மாத்திரையிலும் இருக்கிற வைட்டமின் சி செய்கிற வேலையாம் இது, மாயமும் இல்லை, மருந்தும் இல்லை.

"அவரு குணப்படுத்துனது தம்ளரைம்மா. தம்ளருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது."

மறுநாள் காலை தம்ளர், அயோடின், எலுமிச்சம்பழம் எல்லாவற்றோடும் வயலுக்கே போனேன். வரப்பில் வைத்து வித்தையைச் செய்து காட்டினேன். பதினெட்டுப் பெண்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். தண்ணீர் அழகாகத் தெளிந்தது. இனிமேல் என்ன சொல்வாய் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பாக்கியம் அக்கா தம்ளரைத் தூக்கி வெயிலில் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இது தெரியாமப் போச்சே! நாளையிலேருந்து எலுமிச்சம்பழமும் சேத்துக்கிறேன்."

போன்

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில் அக்கா தன் சட்டத்தைச் சொன்னார். டப்பாவைப் போடச் சொன்னவரும் ஆஸ்பத்திரி மாத்திரையை விடச் சொன்னவரும் மேடையில் நின்றவர், அவரே வந்து மாற்றிச் சொல்லட்டும், நான் சொன்னால் எடுபடாது. நான் அந்த டிரைவர் மாதிரியாம்.

சரி என்று உங்களுக்குப் போன் அடித்தேன். ஒரு நாள் முழுக்க அடித்தேன். எடுக்கவில்லை. மறுநாள் காலை கம்பெனி ஆபீசுக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள், தேன் மாதிரிக் குரல். ஒரு அம்மாவின் கால் போகப்போகிறது, உங்கள் சார் வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். வண்டிச் செலவு நான் தருகிறேன் என்றேன். சாப்பாடு போடுகிறேன் என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு இறங்கி நான் யாரிடமும் பேரம் பேசியதில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மரியாதை குறையாமல் சொன்னாள்:

"சார் இப்ப இந்த மாத்திரையில இல்லங்க மேடம். முழங்கால் தைலத்துக்கு மாறிட்டாரு."

நியாயம்

அன்றைக்கு மத்தியானம் வெறும் கையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். கால் வீங்கியிருந்தது. காய்ச்சல் அடித்தது. அப்போதும் கண்ணில் அந்தக் குறும்பு, "வந்தாரா உன் கோட்டுக்காரரு?" என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் எனக்கு உறைத்தது. பேரம் பேசுகிறவள், எதிராளி கையில் இருக்கிற தராசைப் பார்க்காமல் என் தராசையே இத்தனை நாள் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அக்கா, சர்க்கரை மாத்திரையை உனக்கு முதல்ல போடச் சொன்னது யாரு?" என்றேன். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா என்றார். "நாள் சொன்ன வாய் அந்த டாக்டரம்மா வாய். அதை மாத்துறதுக்கு இந்தக் கோட்டுக்காரரு யாரு? வெத்தலை பாக்கு வச்சவரா? நிலத்துக்காரரா? அவருதான் டிரைவரு! டிரைவர் பேச்சைக் கேட்டு நீ நடவை நிறுத்திட்டு உக்காந்திருக்க!" என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். அக்கா காலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்திருக்கக் கை நீட்டினார்.

"நியாயந்தான். வண்டியை எடு தங்கச்சி, சொன்ன வாயையே போய்க் கேப்போம்."

பதினெட்டு வீடு

டாக்டரம்மா காலைக் காப்பாற்றினார். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் கணக்கு வேறு என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா இப்போது வேளை தவறாமல் மாத்திரை போடுகிறார். என் டப்பாவும் வேண்டுமாம். டாக்டரம்மாவிடம் காட்டிக் கேட்டு, தினம் ஒன்றுதான், சாப்பாட்டோடு சேர்ந்த சாப்பாடுதான், மருந்து இல்லை என்று சொல்ல வைத்த பிறகுதான் கொடுத்தேன். நானும் வழக்கத்தை மாற்றிக்கொண்டுவிட்டேன். சர்க்கரை, பிரஷர் என்று யார் சொன்னாலும் ஆஸ்பத்திரி மாத்திரைப் பட்டையை எடுத்துக் காட்டினால்தான் டப்பா. ரேஷன் கடையில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள் என்று கலியமூர்த்தி அலுத்துக்கொள்கிறார், அலுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. புண் ஆறி, கட்டுப் பிரித்த மறுநாள் பாக்கியம் அக்கா ஒரு காரியம் செய்தார். தன் ஆட்கள் பதினெட்டுப் பேர் வீட்டுக்கும் நடந்தார். மொபெட்டில் ஏறச் சொன்னேன், ஏறவில்லை. ஒரு விரல் குறைந்த காலோடு சாய்ந்து சாய்ந்து நடந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று, மாத்திரையை விடச் சொன்னது தப்பு, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பவும் வாங்கு என்று சொன்னார். பின்னாலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு போன நான், பத்தாவது வீட்டில் தாங்க முடியாமல், ஆள் விட்டுச் சொன்னால் ஆகாதா என்று கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் சொல்லித்தானே விட்டாளுவ? அப்ப நான்தான் வந்து சொல்லணும்."

அவ்வளவுதான் ஐயா. நான் வேனில் ஏற்றி வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் நானும் போய்ச் சொல்லிவிட்டேன், பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் உங்கள் தம்ளரையே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், என் வாய் அங்கே டிரைவர் வாய்தான். மண்டபம் அதே மண்டபம், ஆட்களை வேனில் நானே ஏற்றி வருகிறேன், மைக்கைப் பிடித்துக்கொள்கிறேன், தம்ளரும் எலுமிச்சம்பழமும் என் செலவு. சொன்ன வாயை மட்டும் நீங்கள் மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.